பதினாறாம் சேனல் அக்கா

லுக்குட் ஆற்றோரத்துப் படகு ஜெட்டியில் போய் லோகேஸ்வரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காக் எனாம் பெலாஸ் என்று கேட்க வேண்டும். மலாயில் அதற்குப் பதினாறாம் நம்பர் அக்கா என்று பொருள். மீன்பிடிப் படகுக்காரர்கள் வைத்த பெயர். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள்.

அவள் கடலோரத்துப் பெண் அல்ல. கோலா பிலா பக்கத்தில் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பெரிய தண்ணீர் என்று அவள் சிறுவயதில் பார்த்ததெல்லாம் மழைக்காலத்தில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு ஒன்றுதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் லுக்குட்டுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். தோட்டத்து ரேம்ப்பில் வேலை கிடைத்தது. ரேம்ப் என்றால் வெட்டிய பழக்குலைகளை லாரிகள் கொண்டுவந்து கொட்டும் மேடை. எந்த லாரி எந்தப் பிளாக்கில் இருந்து வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அவள் வேலை. மேசைமேல் ஒரு வாக்கி டாக்கி செட் இருக்கும். காட்டுக்குள் இருக்கிற டிரைவர்கள் அதில்தான் அவளிடம் பேசுவார்கள்.

பேசுவார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. கத்துவார்கள். மழை பெய்தால் இன்னும் கத்துவார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாக வரும்.

"ரேம்ப், நம்ம பிளாக்கு முடிஞ்சிருச்சு. பாதை முழுக்க சேறு. வர கொஞ்சம் லேட்டாவும், தப்பா நெனச்சுக்காதீங்க."

செட்டில் தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்கிற லாரி டிரைவரை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. அந்தக் குரலுக்குரியவன் பெயர் குணாளன். நேரில் பார்த்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு சீட்டை நீட்டிவிட்டுப் போய்விட்டான். செட்டில் பேசுகிற ஆள் இவர்தானா என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஆனால் லாரிக்குத் திரும்பிப் போனதும் செட்டில் அதே குரல் கேட்டது. "ரேம்ப், சொல்ல மறந்துட்டேன். நன்றி." அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு சின்னம்மா வீட்டுக்கு அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள்.

கல்யாணமாகி அதே தோட்டத்தில் வீடு கிடைத்தது. மாதவி பிறந்தாள், படித்தாள், சிரம்பானில் வேலைக்குப் போனாள். ரேம்ப் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டபோது லோகேஸ்வரி லுக்குட்டில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சேர்ந்தாள். குணாளன் லாரியை விடவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிக் கடைசியில் அவன் முதுகெலும்புதான் விட்டுக்கொடுத்தது. இனி லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் நல்ல மனசோடு அவனைக் கேட்டில் ஜாகாவாக, காவலாளியாகப் போட்டார்கள். வரும் வண்டிக்குக் கட்டையைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும்.

அதில்தான் அவன் பேச்சு நின்றுபோனது. முன்பும் அதிகம் பேசுகிறவன் இல்லை. இப்போது கேட்டதற்கு 'ம்' மட்டும் வந்தது. டிவி முன்னால் உட்காருவான். படம் முடிந்து விளம்பரம் ஓடினாலும் அப்படியே இருப்பான். லோகேஸ்வரி தனியாகப் பேசிப் பேசிச் சமைத்தாள். மகளிடம் போனில் மட்டும் ஒருமுறை சொன்னாள்: "உங்கப்பா வீட்டுலதான் இருக்காரு. ஆனா இல்ல."

ஜாலில் என்று ஒரு மலாய்க்காரர். எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குணாளனுக்குப் பழைய சிநேகிதர். ஆற்றோரத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில் வீடு. சொந்தமாகப் படகு வைத்திருந்தார். ஒரு லீவு நாளில் வீட்டுப் பக்கம் வந்தவர், சும்மா வா என்று குணாளனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் குணாளன் ஒரு பை நிறைய கெம்போங் மீனோடு திரும்பி வந்தான். பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்த லோகேஸ்வரிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"கரைப்பக்கம் தண்ணி பழுப்பா இருக்கு லோகா. கொஞ்சம் போனா பச்சை. அப்புறம் ஒரு கோடு போட்ட மாதிரி நீலமா மாறிடுது. நானும் எட்டி எட்டிப் பாத்தேன். அந்தக் கோடு எங்க இருக்குன்னே புடிபடல."

அவள் குழாயை மூடிவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் சொல்வது எதுவும் தவறிவிடக் கூடாது.

அதன்பிறகு ஜாலிலின் தம்பி ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய பைபர் படகைக் குணாளன் வாங்கினான். எஞ்சினை ஜாலில் பிரித்து மாட்டிக் கொடுத்தார். உட்காரும் பலகைக்கு லோகேஸ்வரி ரெண்டு தலையணையைப் பிரித்து மெத்தை தைத்தாள். ஜாகா வேலையில்லாத நாட்களில் விடிந்ததும் கிளம்புவான். திரும்பி வந்தால் பேச்சுதான். எந்தப் பக்கம் காற்று, எந்த மீன் ஏமாற்றியது, மலாக்கா நீரிணையில் போகிற கப்பல்கள் எவ்வளவு பெரியவை.

ஒரு நாள் அவன் மத்தியானம் வரவில்லை.

லோகேஸ்வரி கூப்பிட்டுப் பார்த்தாள்; அவன் போனில் மணியே அடிக்கவில்லை. கேன்டீனில் இருந்து நேராக மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனாள். ஜாலில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டுப் படகில் ஏறினார். அவள் ஜெட்டிப் பலகையில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்; அது ஆறி ஆடை கட்டிப்போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் ஜாலிலின் படகு இன்னொரு படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்று வாய்க்குள் நுழைந்தது.

எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் அவனைக் கப்பல் போகும் பாதைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. போன் கைதவறிப் படகுக்குள் தேங்கிய தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. ஒரு கப்பல் அவ்வளவு அருகில் போனதாம்; அதன் சுவரில் துருப்பிடித்த இடங்கள்கூடத் தெரிந்ததாம். கையை ஆட்டினான், சட்டையைக் கழற்றி ஆட்டினான். மேலே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின் குணாளன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போட்ட வித்துடலாம்."

"யார் விக்கச் சொன்னா?"

"நீ அங்க நின்ன நிலைய பாத்தேன்ல."

லோகேஸ்வரி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். படகை விற்றுவிட்டால் இந்த மனிதர் மறுபடியும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். கடலைவிட அந்த நாற்காலிதான் அவளுக்கு அதிகப் பயம்.

"விக்க வேணாம்," என்றாள். "ஒரு செட்டு வாங்குவோம். நீங்க அங்கிருந்து பேசுங்க, நான் இங்கிருந்து கேக்குறேன். உங்க குரல் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குப் போதும்."

விஷயம் தெரிந்ததும் மாதவி மறுநாளே ஆன்லைனில் ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி அனுப்பிவிட்டாள். கறுப்பு நிறம், குட்டை ஆன்டெனா, விலையும் மலிவு. எந்த அலைவரிசைக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு குணாளன் ஜெட்டிக்குப் போனான். இன்னொன்றோடு லோகேஸ்வரி வீட்டு வாசலில் நின்றாள். பொத்தானை அழுத்தி, பழைய பழக்கத்தில் "ரேம்ப் பேசுறேன்" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. பதிலுக்குக் கரகர என்று ஓர் இரைச்சல்தான் கேட்டது. வாசலில் இருந்து பார்த்தால் எதிரே செம்பனை மேடு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு மேடு. ஜெட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, குணாளன் ஆன்டெனாவை வானத்துக்கு நீட்டிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம்.

"கடலுக்குன்னே தனியா செட்டு இருக்கு," என்றார் ஜாலில். "போர்ட்டிக்சன்ல போட் சாமான் விக்கிற கடையில கேளு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மோட்டரில் போர்ட்டிக்சன் போனார்கள். கடையில் ஒரு இளம்பெண் இருந்தாள். சட்டையில் ஷாமினி என்று பெயர் குத்தியிருந்தது. லைப் ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க அங்கிள், வாங்க ஆண்ட்டி. என்ன வேணும்?"

லோகேஸ்வரி பையில் இருந்து மாதவி அனுப்பிய செட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இத கடல்ல பேசுற மாதிரி திருப்பித் தர முடியுமாம்மா?"

ஷாமினி அதைப் புரட்டிப் பார்த்தாள். "இது கடலுக்கு இல்ல ஆண்ட்டி. திருப்பினா திரும்பும். ஆனா அப்டி பேசக்கூடாது, சட்டப்படி தப்பு. அதோட தண்ணி பட்டா அவ்வளவுதான். இதுல பேசுனா அவசரத்துக்கு யாரும் கேக்கவும் மாட்டாங்க. கடல்ல எல்லாரும் எங்க கேப்பாங்களோ, அங்கதான் நாம பேசணும்."

"எங்க கேப்பாங்க?"

"பதினாறு. பதினாறாம் சேனல். எந்த நாட்டு கப்பலா இருந்தாலும், கடல் அமலாக்கப் படை போட்டா இருந்தாலும், கூப்புடுறது அதுலதான். ஆபத்துன்னா அதுலயே பேசலாம். ஆபத்து இல்லேன்னா அதுல கூப்புட்டுட்டு வேற சேனலுக்கு மாறிடணும். மீன் கதை எல்லாம் எழுபத்திரண்டுல வச்சுக்கலாம் லா."

அவள் மூன்று செட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். குணாளனின் கண் உடனே மிக மலிவான செட்டுக்குப் போய்விட்டது. மூன்றாவது, வரைபடம் காட்டுகிற, தானாகவே ஆபத்துச் செய்தி அனுப்புகிற செட். அதன் விலையைக் கேட்டதும் அவன் கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"இந்த மலிவானதுல என்ன குறை?" என்று கேட்டான்.

"அது அமெரிக்காக்காரன் பயன்படுத்துற மாதிரி செட் பண்ணி வந்தது அங்கிள். யாரோ வாங்கிட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. பதினாறு இருக்கும், ஆனா வேற சில சேனல்ல ஒரே நம்பருக்கு அங்க ஒரு அலைவரிசை, இங்க ஒரு அலைவரிசை. நீங்க ஒரு சேனல்ல பேசிட்டிருப்பீங்க, அடுத்த போட்டுக்காரர் அதே நம்பர வச்சுக்கிட்டு ஒன்னும் கேக்கலியேன்னு உக்காந்திருப்பாரு. இதுல அத மாத்தவும் முடியாது. இந்த நடுவுல உள்ளத பாருங்க. இன்டர்நேஷனல் சேனல், நம்ம ஊருல எல்லாரும் வச்சிருக்கிறது. சிரிம் தர முத்திரை இருக்கு. அஞ்சு வாட். ஆனா போட்டுக்குன்னு உரிமம் எடுக்கணும், அத எப்டின்னு நான் சொல்றேன்."

"அந்தப் படம் காட்டுறது இல்லேன்னா கூப்புடுறது போகாதா?" லோகேஸ்வரி கேட்டாள்.

"கூப்புடுறது போகும் ஆண்ட்டி. அது இருந்தா இன்னும் நல்லது, நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். உங்க இடத்த அதுவே சொல்லிடும். இதுல நீங்கதான் வாயால சொல்லணும்."

லோகேஸ்வரி நடுவில் இருந்த செட்டை எடுத்தாள். கையில் கனம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பக்கவாட்டில் தடவினாள். ஒரு பொத்தான் மட்டும் மற்றவற்றைவிடப் புடைப்பாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது விரல் சிவப்பில் 16 என்று எழுதிய பொத்தான்மேல் இருந்தது.

"நீங்களும் பாருங்க," என்று கணவனிடம் கொடுத்தாள். அவன் கூச்சத்தோடு கண்ணை மூடினான். அவன் விரல் தடித்தது. ஆனாலும் அது போய் அங்கேதான் நின்றது. அடுத்து மலிவான செட்டில் செய்து பார்த்தார்கள். ரெண்டு பேருக்கும் ஒலி கூட்டுகிற பொத்தான்தான் அகப்பட்டது.

"தண்ணியில விழுந்தா?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

ஷாமினி சிரித்துக்கொண்டே பின்னால் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். "போடுங்க ஆண்ட்டி." லோகேஸ்வரி தயங்கினாள். ஷாமினி தானே வாங்கித் தண்ணீருக்குள் போட்டாள். செட் ஒரு முறை முங்கி எழுந்து மிதந்தது; அதில் ஒரு சின்ன விளக்கு மின்னி மின்னி எரிந்தது. கடையில் இருந்த மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, இதுவே ரெண்டு குடும்மா. ஒன்னு அவருக்கு, ஒன்னு வீட்டுக்கு."

ஷாமினி செட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைத்தாள்.

"ஆண்ட்டி, வீடு எங்க?"

லோகேஸ்வரி தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

"வீட்டுல இருந்து இதுல பேச விட மாட்டாங்க. இது போட்டுக்கு மட்டும்தான். விட்டாலும் கேக்காது. இந்தச் செட்டு, கண்ணுக்கு எட்டுற தூரத்துக்குத்தான். கையில வச்சுக்கிட்டு போட்டுல உக்காந்திருந்தா சில மைல் போகும். நடுவுல மேடு, மரம்னா ஒன்னும் வராது."

"அப்ப அவரு பேசுறது யாருக்குக் கேக்கும்?"

"பக்கத்துல இருக்கிறவங்களுக்கு."

"யாரு பக்கத்துல?"

"அது... யாரா இருந்தாலும், ஆண்ட்டி. அந்த நேரத்துல யாரு செட்டு திறந்து வச்சிருக்காங்களோ அவங்க."

ஒரு செட்டு மட்டும் வாங்கினார்கள். திரும்பும்போது லோகேஸ்வரி மோட்டரின் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். தன் கணவன் கூப்பிடுவதைத் தான் கேட்கவே முடியாது. யாரோ முகம் தெரியாதவர் கேட்க வேண்டும். அவர் செட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. குணாளனுக்கு அவள் மனம் புரிந்தது. லுக்குட் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது தலையைத் திருப்பாமலேயே, "வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம் லோகா," என்றான்.

"ஜெட்டிக்கு விடுங்க," என்றாள் அவள்.

ஜெட்டியில் நாலைந்து படகுக்காரர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரி நேராக ஜாலிலிடம் போனாள். "உங்க போட்டுல செட்டு இருக்கா?"

இருந்தது. இருக்கைக்குக் கீழே பெட்டியில், பேட்டரி செத்துப்போய். பக்கத்தில் இருந்த இன்னொருவரிடமும் இருந்தது. அவர் அதை இரைச்சலாக இருக்கிறது என்று அணைத்தே வைத்திருப்பாராம். சமாட் என்ற பெரியவரிடம் செட்டே இல்லை. நாற்பது வருஷமா கடலுக்குப் போறேன், எனக்கு எதுக்கு என்றார். மற்றவர்கள் தங்களுக்குள் ஏதோ ஒரு சேனலில் பாட்டுப் பாடுவதும் மீன் விலை கேட்பதுமாக இருந்தார்கள்.

யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு லோகேஸ்வரிக்கு அன்று பதில் கிடைத்தது: யாரும் இல்லை.

அடுத்த லீவு நாளில் குணாளன் கடலுக்குக் கிளம்பியபோது அவளும் கூட ஜெட்டிக்கு வந்தாள், கையில் ஒரு தூக்கு நிறையப் பருப்பு வடையோடு. படகு படகாகப் போய் வடை கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு கேள்வி: "எனாம் பெலாஸ் ஆடா?" பதினாறு இருக்கா? இருக்கிறது என்றவர் திறந்து காட்ட வேண்டும். பேட்டரி இல்லை என்றால், "சார்ஜு போட்டுக் கொண்டாங்க, வடை இருக்கும்," என்பாள். முதல் வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம் காக் எனாம் பெலாஸ் வருகிறாள் என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தார்கள். அவள் ஆளைத் தேடிப் போவதற்குமுன்பே செட்டைத் தூக்கிக் காட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் நகத்தைக் காட்டுவதுபோல. சிலர் ஷாமினி கடையில் போய் அதே நடுத்தர விலைச் செட்டை வாங்கினார்கள். சமாட் பெரியவருக்கு வாராவாரம் வடை மட்டும் கிடைத்தது. லோகேஸ்வரி அவரை வற்புறுத்தவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து, "எந்தப் பொத்தான அமுக்கணும்?" என்று கேட்டார்.

இப்படியே மாதங்கள் போயின. குணாளன் போவதும் வருவதுமாக இருந்தான். கடலில் அவன் இருக்கும் நேரம் லோகேஸ்வரிக்கு ஒன்றும் கேட்பதில்லை. கேன்டீனில் மீ நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே அடிக்கடி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பாள். கறுத்திருந்தால் கை வேகமாகும். கூட வேலை செய்கிறவர்கள், "அக்கா, மீ தூளாப் போவுது," என்பார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் மேற்கே இருந்து திடீரென்று காற்றும் மழையும் வந்தன. சுமத்ரா பக்கம் இருந்து வருகிற காற்று. வந்தால் சொல்லிக்கொண்டு வராது, நெடுநேரம் நிற்கவும் செய்யாது. குணாளனும் ஜாலிலும் அதைத் தூரத்திலேயே பார்த்து, தனித்தனிப் படகில் கரையோரம் ஒதுங்கி நின்றார்கள். மழை விட்டு அலை தணிய ஆரம்பித்தபோது குணாளனின் இடுப்பில் இருந்த செட்டில் ஒரு பெண் குரல் வந்தது. மலாயில் உதவி, உதவி என்றது. அழுகை, இரைச்சல், பிறகு மறுபடியும் உதவி.

நோராய்னி என்று பெயர். மலாக்காவில் இருந்து வந்தவள். கணவனோடு வாடகைப் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தாள். அலை அடித்துப் படகில் பாதித் தண்ணீர். எஞ்சின் மூழ்கிவிட்டது. கணவனுக்குத் தலையில் அடிபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. செட்டைப் பிடித்துப் பேசுவது அவளுக்கு அதுவே முதல் தடவை.

குணாளன் பொத்தானை அழுத்தினான். "அக்கா, நீங்க பேசுறது கேக்குது," என்று மலாயில் சொன்னான். "நான் குணாளன். ஒரு ஆள் இல்ல, நாங்க நிறைய பேரு கேட்டுக்கிட்டிருக்கோம். உங்களுக்கு என்ன தெரியுது, சொல்லுங்க."

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. "கரைய பாருங்க. உயரமா ஏதாவது இருக்கா?" மின்நிலையத்துப் புகைபோக்கிகள் இருந்தன. எந்தக் கைப்பக்கம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகத் தெரிகிறதா, தள்ளித் தள்ளித் தெரிகிறதா என்று பொறுமையாகக் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல இடம் ஓரளவு பிடிபட்டது. ஜாலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். சமாட் பெரியவர் அவளுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தார். நான்தான் முதலில் போய்ச் சேருவேன் என்று அவர் குரலும் செட்டில் வந்தது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஓர் இழுவைப்படகின் கேப்டனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவருடைய ஆன்டெனா உயரம். தகவலைக் கரையில் உள்ள அமலாக்கப் படைக்குத் தான் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

படகுகள் போய்ச் சேரும்வரை குணாளன் பேசிக்கொண்டே தன் படகை ஓட்டினான். துணியை மடித்துக் கணவர் தலையில் அழுத்திப் பிடிங்க என்றான். லைப் ஜாக்கெட்டைச் சரியாகக் கட்டிவிட்டீர்களா என்றான். அவள் பதில் சொல்லாமல் இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சமாட் பெரியவர் போய்ப் பார்த்தபோது அவர்கள் படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரெண்டு பேரையும் தன் படகுக்கு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் அமலாக்கப் படையின் படகும் வந்துவிட்டது.

இவ்வளவும் நடந்தபோது லோகேஸ்வரி பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். மழை விட்டதே என்று நிம்மதியாகக்கூட இருந்தாள். வேலை முடிந்து ஜெட்டிக்கு வந்தபோது கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் அவளிடம் சொல்ல வந்தார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டிக் குணாளனைத் தேடினாள். அவன் படகில் உட்கார்ந்து தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு ஒன்னும் இல்லையே?"

"எனக்கு என்ன? நான் பேசிக்கிட்டுதான் இருந்தேன்."

"என்ன பேசுனீங்க?"

"சும்மா ஏதோ..." அவன் குவளையைக் கீழே வைத்தான். "அந்தப் பொண்ணு ரொம்ப பயந்துபோச்சு லோகா. கடைசியில ஒன்னும் கேக்கத் தோணல. அதான் நம்ம வீட்டப் பத்திச் சொன்னேன். என் பொண்டாட்டி இந்நேரம் கேன்டீன்ல மீ கிண்டிக்கிட்டிருப்பா, இந்த ஜெட்டியில எல்லாரும் செட்டு திறந்து வச்சிருக்காங்கன்னா அது அவளாலதான், நீங்க கரைக்கு வந்ததும் உங்கள வந்து பாப்பான்னு சொன்னேன்." அவன் மணிக்கட்டால் முகத்தைத் துடைத்தான். "தப்பா?"

லோகேஸ்வரி படகுக்குள் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு ஆடியது, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தப்பில்ல," என்றாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். வந்து பாப்பேன்னு சொல்லிட்டீங்கல்ல."

ரெண்டு பேரும் மோட்டரில் போர்ட்டிக்சன் போனார்கள். கணவருக்குத் தையல் போட்டிருந்தார்கள், ஆபத்து இல்லை. நோராய்னி நடைபாதை பெஞ்சில் ஈர உடைமேல் யாரோ கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். குணாளன் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்றுவிட்டான். லோகேஸ்வரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், இவள் யார் என்று கேட்காமலேயே நோராய்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். லோகேஸ்வரிக்கு மலாயில் சந்தையில் பேரம் பேசத் தெரியும், இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாது. "மாக்கான்? சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று அந்தப் பெண் அழுதாள். லோகேஸ்வரி அவளுக்குச் சூடாக மைலோவும் ரொட்டியும் வாங்கிவந்து கொடுத்து, தின்று முடிக்கும்வரை கூட இருந்தாள்.

அடுத்த மாதத்தில் ஒரு நாள் அந்தக் கணவனும் மனைவியும் ஒரு கூடை டுரியான் பழத்தோடு தோட்டத்து வீட்டைத் தேடி வந்தார்கள். மாதவியும் சிரம்பானில் இருந்து வந்திருந்தாள். குணாளன் அன்று எல்லாருக்கும் டுரியான் உடைத்துக் கொடுத்தான், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஒரு தடவை அவனாகவே ஒரு கதையும் சொன்னான். மாதவி அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "அம்மா, இது நம்ம அப்பாவா?" என்றாள்.

இப்போது லோகேஸ்வரியும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் போகிறாள். கடல் இன்னும் அவளுக்கு ஒத்துவரவில்லை. ஆற்று வாயைத் தாண்டினாலே வயிற்றைப் புரட்டும். இஞ்சி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். குணாளன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். எஞ்சினைத் தணிப்பான்.

"கரைக்குப் போயிடலாமா லோகா?"

"பேசாம ஓட்டுங்க," என்பாள், கண்ணைத் திறக்காமல்.